கரையில் பெரிய நண்டு, கடையில் சின்ன நண்டு: கடலுணவுச் சாப்பாட்டுக்கடைக்குப் போகுமுன்

யாழ்ப்பாணம் பாசையூரில் காலை வெயில் ஏறுவதற்கு முன்பே நண்டு பிரிக்கத் தொடங்கிவிடுவார்கள். வலையிலிருந்து கழற்றிய நண்டுகளைக் குவித்து வைத்திருக்க, கம்பனிக்கு வாங்குபவர் தராசோடு பக்கத்தில் நிற்பார். பெரியவை, ஓடு கெட்டியானவை ஐஸ் பெட்டிக்குள் போகும். சிறியவை, கால் ஒடிந்தவை, தூக்கினால் பாரமில்லாதவை இன்னொரு கூடைக்குள் விழும். ஐஸ் பெட்டி லொறியில் ஏறும். கூடை அங்கேயே ஏலத்துக்கு நிற்கும்.

அன்று மதியம் நகரத்துச் சாப்பாட்டுக்கடை ஒன்றில் உட்கார்ந்து நண்டுக்கறி கேட்டால், தட்டில் வருவது பெரும்பாலும் அந்தக் கூடையிலிருந்து வந்ததுதான். விடுமுறைக்கு வரும் கொழும்புக்காரர்களும் வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர்களும் இதைப் பார்த்துவிட்டு, "இதைவிடப் பெரிய நண்டு கொழும்பிலேயே சாப்பிடலாமே" என்று முகம் சுளிப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். கடைக்காரரில் பிழையில்லை. அவரும் அதே கரையில் அதே காலையில் வாங்கப் போனவர்தான். கம்பனி கொடுக்கிற விலையை அவரால் கொடுக்க முடியவில்லை.

கடலோரத்தில் வாழ்ந்துகொண்டு கடலுணவு சாப்பிடக் கடைக்குப் போகிற நமக்கு இந்தச் சங்கிலி தெரிந்திருக்க வேண்டும். எதைக் கேட்பது, எப்போது கேட்பது, எதற்குப் பணம் கொடுக்கிறோம் என்பதெல்லாம் அதிலிருந்துதான் தொடங்குகின்றன. இலங்கையின் நடுத்தரக் கடலுணவுக் கடைகளைப் பற்றி, அதாவது பிளாஸ்டிக் கதிரையும் மின்விசிறியும் உள்ள கடைகளைப் பற்றி, கொஞ்சம் விளக்கமாக எழுதலாம் என்று நினைத்தது அதனால்தான்.

நண்டு எங்கே போகிறது

நமது கடலில் விலைபோகும் நண்டு முக்கியமாக இரண்டு வகை. ஒன்று பாக்கு நீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும் வலையில் பிடிபடும் கடல் நண்டு. ஆண் நண்டின் கால்கள் நீலமாக இருக்கும். பெண் நண்டு மங்கிய பழுப்பும் பச்சையும் கலந்த நிறம். இன்னொன்று கண்டல் காடுகளும் சேறும் உள்ள களப்புகளில் வாழும் பெரிய சேற்று நண்டு. கிழக்கிலும் புத்தளத்திலும் களப்பு நண்டு என்பார்கள். கரும்பச்சை ஓடு, விரலை நசுக்கிவிடக்கூடிய பெரிய கொடுக்கு.

இரண்டுமே ஏற்றுமதிப் பொருட்கள். ஆனால் போகும் விதம் வேறு. சேற்று நண்டு ஈரம் இருந்தால் தண்ணீருக்கு வெளியே நாட்கணக்கில் உயிரோடு இருக்கும். அதனால் கொடுக்கைக் கயிற்றால் கட்டி, பெட்டியில் அடுக்கி, உயிரோடு விமானத்தில் அனுப்பிவிடலாம். கடல் நண்டு அப்படியில்லை, கரைக்கு வந்த சிறிது நேரத்தில் செத்துவிடும். செத்த நண்டின் சதை வேகமாகக் கெடும். அதனால் அதை உடனே அவித்து, ஓட்டை உடைத்து, சதையை எடுத்து, டின்னில் அடைத்துச் சூடாக்கிக் குளிரில் வைக்கிறார்கள். அதற்குத்தான் வடக்கில் நண்டுத் தொழிற்சாலைகள் இருக்கின்றன. அங்கே வரிசையாக உட்கார்ந்து சதையைப் பிரித்தெடுப்பவர்கள் பெரும்பாலும் கரையோரக் கிராமத்துப் பெண்கள். டின்களின் முக்கிய சந்தை அமெரிக்கா. நம்மூர் நண்டு அங்கே வடையைப் போலத் தட்டிப் பொரித்த பண்டமாகத் தட்டுக்கு வருகிறது.

சேற்று நண்டின் பயணம் இன்னும் சுவாரசியமானது. சிங்கப்பூரின் பெயர்பெற்ற சில்லி நண்டு 1956இல் சேர் யம் தியான் என்ற பெண் தள்ளுவண்டியில் விற்கத் தொடங்கிய சாப்பாடு. கல்லாங் ஆற்றங்கரைத் தெருவோரத்தில் பிறந்த அந்த உணவு இன்று அந்த நாட்டின் அடையாளமாகிவிட்டது. அங்குள்ள கடலுணவுக் கடைகளின் மெனுவில் 'ஸ்ரீலங்கன் கிராப்' என்ற பெயரைப் பார்க்கலாம். எந்த நாட்டிலிருந்து வந்தது என்பதைவிட, பெரிய, சதைப்பிடிப்பான நண்டு என்பதற்கான பெயராகவே அங்கே அது புழங்குகிறது. கொழும்பில் பழைய ஒல்லாந்தர் வைத்தியசாலைக் கட்டடத்தில் 2011இல் தர்ஷன் முனிதாச, குமார் சங்கக்கார, மஹேல ஜயவர்தன ஆகியோர் சேர்ந்து 'மினிஸ்ட்ரி ஒஃப் கிராப்' உணவகத்தைத் திறந்ததன் பின்னாலிருந்த எண்ணமும் இதுதான்: நாட்டின் நல்ல நண்டெல்லாம் வெளியே போகிறது, அதை இங்கேயே வைத்துச் சாப்பிடக் கொடுப்போம். நண்டு இங்கே நின்றது உண்மை. ஆனால் அதன் விலையும் ஏற்றுமதி விலையோடுதான் போட்டியிட்டது. சாதாரண சம்பளக்காரர் ஒருவர் குடும்பத்தோடு போய் உட்காரும் இடம் அல்ல அது.

ஏற்றுமதியைக் குறை சொல்வது இலகு. மீனவருக்கு நல்ல விலை கொடுப்பது அதுதான். போர்க்காலத்தில் கடலுக்குள் இறங்கவே பாஸ் எடுக்க வேண்டியிருந்த, பிடித்ததை வெளியே அனுப்ப வழியில்லாத ஊர்களுக்கு, 2009க்குப் பிறகு வந்த கம்பனி லொறி ஒரு பெரிய மாற்றம். என் கேள்வி சாப்பிடுபவர் பக்கத்திலிருந்து வருவது. நல்லது எல்லாம் போன பின் மிஞ்சுவதை வைத்து நல்ல சாப்பாடு கிடைக்குமா? கிடைக்கும். நண்டை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்காவிட்டால் தாராளமாகக் கிடைக்கும்.

எந்தக் கடைக்கு எதற்குப் போவது

நமது கடலுணவுக் கடைகளை மூன்றாகப் பார்க்கலாம். முதலாவது மதியச் சாப்பாட்டுக்கடை. சோறு, மூன்று மரக்கறி, சொதி, அதற்கு மேல் மீனோ கணவாயோ இறாலோ நண்டோ தனியாகக் கேட்டு வாங்குவது. இரண்டாவது, மாலையில் உயிர்பெறும் 'சைனீஸ்' கடைகள். பெயர்தான் சீனம். டெவல்ட் இறாலும் ஹொட் பட்டர் கட்டில்பிஷும் இலங்கைக் கண்டுபிடிப்புகள் என்றே சொல்லலாம். மாவில் தோய்த்துப் பொரித்த கணவாயை வெண்ணெயிலும் செத்தல் மிளகாயிலும் வெங்காயத்தாளிலும் பிரட்டிக் கொடுப்பதைச் சீனாவில் போய்க் கேட்டால் விழிப்பார்கள். மூன்றாவது, மிரிஸ்ஸ, உனவட்டுன, அருகம்பே, உப்புவெளி போன்ற கடற்கரைகளில் மேசையில் ஐஸ் பரப்பி முழு மீனை அடுக்கி வைத்து, நீங்கள் விரல் காட்டியதைச் சுட்டுக் கொடுக்கும் கடைகள்.

நான் அதிகம் நம்புவது முதல் வகையை. காரணம் எளிது. அங்கே சமைத்தது அன்றைக்கே முடிய வேண்டும். இரண்டு மணிக்குப் பிறகு போனால் கணவாய் தீர்ந்துபோயிருக்கும் கடை நல்ல கடை. இரவு எட்டு மணிக்கும் பதினான்கு வகை கடலுணவும் தயாராக இருக்கிறது என்று சொல்லும் கடையில் பெரிய குளிர்சாதனப் பெட்டி இருக்கிறது என்றே அர்த்தம். அது பாவமில்லை. பிடித்த உடனே முறையாக உறையவைத்த மீன், மூன்று நாள் ஐஸில் கிடந்த 'பச்சை' மீனைவிட நல்லது. ஆனால் உறையவைத்த இறாலுக்குப் பச்சை இறால் விலை கொடுக்க வேண்டியதில்லை. இறால் விஷயத்தில் இன்னொன்று: கடையில் ஒரே அளவாக, அழகாக வரிசையாக வரும் இறால் அநேகமாகப் பண்ணை இறால். புத்தளம் மாவட்டம்தான் நாட்டின் இறால் பண்ணைகளின் மையம். களப்பில் பிடித்த இறால் சிறிதும் பெரிதுமாகக் கலந்து வரும்.

"இண்டைக்கு என்ன மீன்?"

நம்மில் பலர் கடையில் 'மீன் குழம்பு' என்று மட்டும் கேட்போம். வீட்டில் அம்மாவோ அப்பாவோ சந்தையில் அப்படிக் கேட்பதில்லை. கடையிலும் மீனின் பெயரைக் கேட்க வேண்டும்.

"அண்ணை, இண்டைக்கு என்ன மீன்?"

"விளைமீன் இருக்கு பிள்ளை, பாரை இருக்கு. அறக்குளா பொரியல் இருக்கு."

"எது காலமை வந்தது?"

இந்த இரண்டாவது கேள்விக்கு ஒரு நொடி தயக்கம் வந்தால் அந்தத் தயக்கமே பதில். ஒருமுறை யாழ் நகரில் ஒரு கடையில் பரிமாறியவர் குனிந்து, "விளைமீன் எடுங்கோ, பாரை நேத்தையான்" என்று மெதுவாகச் சொன்னார். அந்தக் கடைக்கு இன்றைக்கும் போய்க்கொண்டிருக்கிறேன்.

அறக்குளாதான் பட்டியலில் எப்போதும் விலை கூடியது. முள் குறைவு, துண்டு அழகாக நிற்கும், விருந்தாளிக்குக் கொடுக்கலாம். ஆனால் களப்பும் ஆழமில்லாத கடலும் சூழ்ந்த யாழ்ப்பாணத்தின் உண்மையான ருசி சிறிய மீன்களில்தான் இருக்கிறது. ஒட்டி, திரளி, சூடை, முரல் எல்லாம் கம்பனிக்காரர் திரும்பிப் பார்க்காத மீன்கள். ஒட்டியைச் சரக்குத்தூள் போட்டுக் குழம்பு வைத்தால் அதற்கு ஈடு இல்லை. முள்ளுக்குப் பயந்து கடைகள் இவற்றை மெனுவில் போடுவதில்லை. கடைக்காரரின் வீட்டுச் சட்டியில் இருக்கும், வாடிக்கையாளரின் தட்டில் இருக்காது. கேட்டால் வைப்பார்கள். நாலு பேர் தொடர்ந்து கேட்டால் தினமும் வைப்பார்கள். அப்படித்தான் சில கடைகளில் சூடை மீன் பொரியல் திரும்பி வந்திருக்கிறது. விலையும் மீனவருக்கு நேராகப் போகிறது, ஏனென்றால் சிறிய மீனுக்கு இடையில் நிற்பவர்கள் குறைவு.

எந்த மீன் எப்போது என்பதைக் காற்று தீர்மானிக்கிறது. மே முதல் செப்டெம்பர் வரை சோளகக் காற்று. அந்தக் காலத்தில் காலி, மாத்தறைப் பக்கக் கடல் குமுறும், சிறிய படகுகள் கரையில் நிற்கும். கிழக்குக் கடல் அமைதியாக இருக்கும். நீர்கொழும்பு, சிலாபம் பகுதி மீனவர்கள் வாடி அமைத்துத் தொழில் செய்யக் கிழக்குக்கும் முல்லைத்தீவுப் பக்கத்துக்கும் வருவது இதனால்தான். அது அங்குள்ள மீனவர்களோடு தீராத பிணக்காக இருப்பது வேறு கதை. ஒக்டோபர் கடந்து வாடைக்காற்று வந்ததும் நிலைமை தலைகீழாகும். ஆகவே ஜூலை மாதம் மிரிஸ்ஸவில் 'இன்று காலை இந்தக் கடலில் பிடித்தது' என்று ஐஸ் மேசையில் காட்டப்படும் மீன், திருகோணமலையிலிருந்து லொறியில் இறங்கியதாகவும் இருக்கலாம். அந்த மாதத்தில் கடலுணவுக்காகவே பயணம் போவதென்றால் உப்புவெளிக்கும் நிலாவெளிக்கும் போவது புத்தி. டிசம்பரில் தெற்குக்கு.

வடக்கில் காற்றோடு இன்னொரு நாட்காட்டியும் இருக்கிறது. தமிழ்நாட்டு இழுவைப்படகுகள் வழமையாகத் திங்கள், புதன், சனி என்று வாரத்தில் மூன்று நாட்கள் கடலுக்கு இறங்குகின்றன. அந்த இரவுகளில் வலை அறுபடும் என்ற பயத்தில் நமது சிறு மீனவர்கள் பலர் வலை போடுவதில்லை. மறுநாள் காலை சந்தையில் நண்டும் இறாலும் குறையும், விலை ஏறும். கடைக்காரர்கள் இதை அறிந்தே மெனு போடுகிறார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அந்த இரண்டு மாதமும் குருநகரிலும் பாசையூரிலும் மீனவர்கள் மூச்சு விடும் காலம். இலங்கை 2017இல் சட்டத் திருத்தத்தின் மூலம் அடிமட்ட இழுவை முறையை முற்றாகத் தடை செய்தது. சட்டம் காகிதத்தில் வந்து பல வருடமாகியும் கடலில் இன்னும் முழுதாக இறங்கவில்லை. இந்திய இழுவைப்படகுகள் மட்டுமல்ல, இழுவை மடியை விட மறுக்கும் உள்ளூர்க்காரர்களும் இருக்கிறார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

மூன்றாவது நாட்காட்டி கோயிலுடையது. நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களும் யாழ்ப்பாணத்தில் பல வீடுகளில் மச்சம் கிடையாது. பல கடைகளும் சைவத்துக்கு மாறிவிடும். கேட்கும் ஆட்கள் குறைவதால் மீன் விலையும் இறங்கும். விரதம் இல்லாதவர்களுக்கு அது நல்ல காலம். வெள்ளிக்கிழமைகளிலும் இப்படித்தான். வெளியூரிலிருந்து வந்து வெள்ளிக்கிழமை மதியம் நண்டு தேடி அலைந்து, கடைசியில் மரக்கறிச் சோறு சாப்பிட்டுத் திரும்பியவர்கள் ஏராளம்.

தராசைப் பார்க்காமல் தலையாட்டாதீர்கள்

சில வருடங்களுக்கு முன் தெற்கில் ஒரு கடற்கரைக் கடையில் நானும் மூன்று நண்பர்களும் உட்கார்ந்தோம். ஐஸ் மேசையில் கிடந்த ஒரு கலவாயைக் காட்டி இது போதும் என்றோம். கறுப்புப் பலகையில் ஒரு விலை எழுதியிருந்தது. மீன் அருமையாக வந்தது, நிலவு வேறு. பில் வந்தபோது நிலவு மறைந்துவிட்டது. பலகையிலிருந்த விலை 100 கிராமுக்கு. நாங்கள் அதை ஒரு தட்டின் விலை என்று நினைத்துவிட்டோம். மீனின் நிறையை யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. நாலு பேரின் காசையும் கொட்டி எண்ணிக் கொடுத்துவிட்டு, பஸ்ஸுக்கு மட்டும் மிச்சம் பிடித்துக்கொண்டு வந்தோம். ஏமாற்றினார்கள் என்று சொல்ல முடியாது. பலகையின் அடியில் சின்ன எழுத்தில் இருந்தது.

ஆகவே நிறைக்கு விற்கும் கடையில் மூன்று விஷயத்தைச் சமைப்பதற்கு முன்பே தெளிவாக்கிக்கொள்ளுங்கள். விலை கிலோவுக்கா, 100 கிராமுக்கா? நிறுப்பது முழு மீனையா, குடல் நீக்கிய பின்னா? பொரிப்பதற்கும் சுடுவதற்கும் தனிக் கூலி உண்டா? உங்கள் முன்னால் நிறுக்கச் சொல்லுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. நகைக்கடையில் கேட்கிறோம்தானே. நண்டில் பாதிக்கு மேல் ஓடுதான். இறாலைத் தலையோடு நிறுத்தால், தலையும் ஓடும் போகக் கிட்டத்தட்டப் பாதிதான் வாய்க்கு வரும். இரண்டு பேருக்கு அரைக் கிலோ இறால் என்பது கேட்கத்தான் அதிகம்.

பில்லில் சேவைக் கட்டணம் 10 வீதம் சேர்ப்பது பல கடைகளின் வழக்கம். பெறுமதி சேர் வரிக்குப் பதிவு செய்த கடை என்றால் அதற்கு மேல் 18 வீதம். 2024 ஜனவரியிலிருந்து இந்த வீதம். இரண்டும் சேர்ந்தால் பலகையில் பார்த்த விலைக்கும் கையால் கொடுக்கும் காசுக்கும் இடையில் நல்ல தூரம். விலைகளைக் காட்சிப்படுத்த வேண்டியது வியாபாரியின் கடமை. முறைப்பாடு இருந்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழைக்கலாம்.

முட்டை நண்டும் சிங்க இறாலும்

நல்ல நண்டைப் பார்த்து எடுக்க வாய்ப்புக் கிடைத்தால் முதலில் கையில் தூக்கிப் பாருங்கள். அளவுக்கு மிஞ்சிய பாரம் இருக்க வேண்டும். வயிற்றுப் பக்க ஓட்டைப் பெருவிரலால் அழுத்தினால் அமுங்கக்கூடாது. அமுங்கினால் அண்மையில் ஓடு கழற்றிய நண்டு. உள்ளே தண்ணீர்தான் இருக்கும், சதை இன்னும் நிறையவில்லை. நிலவுக் காலத்தில் நண்டு வாங்காதே, அமாவாசையை ஒட்டி வாங்கு என்று வீட்டில் சொல்வார்கள். மீனவர்களும் அதையே சொல்கிறார்கள். நான் நாட்காட்டி பார்த்து வாங்குவதில்லை, அழுத்திப் பார்த்தே வாங்குகிறேன்.

அடுத்து அதைத் திருப்பிப் பாருங்கள். வயிற்று மடல் ஒடுங்கிக் கூர்மையாக இருந்தால் ஆண், அகன்று இருந்தால் பெண். பெண் நண்டின் ஓட்டுக்குள் இருக்கும் செம்மஞ்சள் சினையை விரும்பிச் சாப்பிடுவோர் பலர். அது வேறு. வயிற்று மடலுக்கு வெளியே கொத்தாக, பஞ்சுபோல முட்டை ஒட்டியிருந்தால் அந்த நண்டு குஞ்சு விடக் காத்திருக்கிறது. முட்டை முதலில் மஞ்சளாக இருக்கும், பிறகு கறுத்துக்கொண்டே போகும். கறுத்துவிட்டால் நாட்கணக்கில் பொரித்துவிடும். அப்படிப்பட்ட நண்டை நான் எடுப்பதில்லை. ஒரு தாய் நண்டு சுமப்பது இலட்சக்கணக்கான முட்டைகள். சந்தைக்கு வந்தபின் விட்டு என்ன பயன் என்று கேட்பார்கள். அந்த நண்டுக்குப் பயனில்லைதான். கடைக்காரர் அடுத்த முறை அதை வாங்கமாட்டார், அதுதான் பயன்.

சிங்க இறால் விஷயத்தில் இது தெரிவு அல்ல, சட்டம். முட்டை சுமக்கும் சிங்க இறாலைப் பிடிப்பதும் வைத்திருப்பதும் குற்றம். பெப்ரவரி, செப்டெம்பர், ஒக்டோபர் மாதங்கள் அதற்குத் தடைக்காலம். பெப்ரவரி என்பது தெற்குக் கடற்கரையில் சுற்றுலா உச்சத்திலிருக்கும் மாதம். அப்போது ஐஸ் மேசையில் சிங்க இறால் மினுங்கினால், அது தடைக்கு முன் பிடித்து வைத்ததா, நேற்றுப் பிடித்ததா என்று கேட்டுப் பாருங்கள்.

பயமும் உண்மையும்

கடலுணவைப் பற்றிய பயம் நமக்கு அலை அலையாக வந்திருக்கிறது. 2004 கடற்கோளுக்குப் பிறகு பல மாதங்கள் பலர் மீனைத் தொடவில்லை. கடல் கொண்டுபோன உறவுகளை நினைத்த மனம் அது, அதில் விவாதிக்க ஒன்றுமில்லை. 2020 ஒக்டோபரில் பேலியகொட மீன் சந்தையில் கொரோனா பரவியபோது நாடு முழுவதும் மீன் விற்பனை சரிந்தது. முன்னாள் மீன்பிடித்துறை அமைச்சர் ஒருவர் ஊடகவியலாளர் முன்னால் பச்சை மீனைக் கடித்துக் காட்டிய காட்சி உலகம் முழுவதும் ஓடியது. 2021இல் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்து ஜூன் 2ஆம் திகதி மூழ்கத் தொடங்கியபோது, நீர்கொழும்புப் பக்கத்தில் மீன்பிடிக்கத் தடை வந்தது. யாழ்ப்பாணத்து மீனைக்கூடச் சனம் சந்தேகத்தோடு பார்த்தது. அடுத்த வருடம் மண்ணெண்ணெய் இல்லாமல் படகுகளே இறங்கவில்லை. ஒவ்வொரு முறையும் முதலில் மூடியது சிறிய கடைகள்தான்.

இவற்றோடு ஒப்பிட்டால் யாரும் பேசாத, ஆனால் கடையில் உண்மையாக எதிர்கொள்ளக்கூடிய ஆபத்து ஹிஸ்டமின் நஞ்சு. சூரை, கெலவல்லா, கும்பளா போன்ற கருஞ்சதை மீன்களைப் பிடித்தவுடன் ஐஸில் வைக்காவிட்டால் அவற்றின் சதையில் இது உருவாகிறது. பிறகு எவ்வளவு கொதிக்கவைத்தாலும் பொரித்தாலும் போகாது. மீன் நாற வேண்டும் என்றும் இல்லை. சாப்பிட்டுச் சில நிமிடங்களில், அல்லது ஓரிரு மணித்தியாலத்துக்குள், முகம் சிவந்து தலையிடித்து உடல் கடிக்கத் தொடங்கும். நாக்கில் மிளகு பட்டதுபோலச் சுரீரென்று இருந்தால் அந்தத் துண்டை அதோடு வைத்துவிடுங்கள். பலர் இதை 'எனக்கு மீன் ஒத்துக்காது' என்று நினைத்து வாழ்நாள் முழுக்க மீனை விட்டுவிடுகிறார்கள். ஒவ்வாமையா, கெட்ட மீனா என்பதை வைத்தியரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. மூச்சு இறுகினால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

அதனால்தான் கடையின் சுவரில் தொங்கும் சான்றிதழைவிட ஐஸை நான் கவனிப்பேன். மீனுக்கு மேலும் கீழும் ஐஸ் இருக்கிறதா, அல்லது வெயிலில் உருகிய தண்ணீரில் மீன் நீந்துகிறதா? கண் குழிவிழாமல் தெளிவாக, செவுள் சிவப்பாக இருக்க வேண்டும். கணவாயின் தோலில் புள்ளிகள் இன்னும் தெளிவாகத் தெரிந்தால் புதியது, சதை இளஞ்சிவப்பாக மாறியிருந்தால் பழையது. சமைத்த பின் இதையெல்லாம் பார்க்க முடியாது. காரம் எல்லாவற்றையும் மூடிவிடும். டெவல்ட் என்ற பெயரில் வரும் எதையும் நான் முதல்முறை போகும் கடையில் கேட்பதில்லை. சும்மா உப்பும் மஞ்சளும் போட்டுப் பொரித்த மீனை ஒளித்து வைக்க முடியாது.

கூழ் கேட்டுப் பாருங்கள்

கரையில் மிஞ்சும் அந்தக் கூடைக்கு யாழ்ப்பாணத்தில் எப்போதோ வழி கண்டுபிடித்துவிட்டார்கள். ஒடியற்கூழ் அதுதான். சின்ன நண்டு, பொடி இறால், கணவாய்த் துண்டு, முள்ளுள்ள மீனின் தலை, எது கிடைத்ததோ அது. அதோடு பலாக்கொட்டை, பயற்றங்காய், முருங்கையிலை, மரவள்ளி. பழப்புளியும் செத்தல் மிளகாயும் அரைத்துவிட்டு, ஊறவைத்த ஒடியல் மாவைக் கரைத்து ஊற்றித் தடிப்பாக்குவது. பனையோலைப் பிளாவில் வார்த்து, முற்றத்தில் கூட்டமாக இருந்து குடிப்பது. இதற்குப் பெரிய நண்டு தேவையே இல்லை. சின்ன நண்டின் ஓட்டிலிருந்து இறங்கும் சாறுதான் கூழின் உயிர்.

கடைகளில் கூழ் கிடைப்பது குறைவு. மாவை முதலே ஊறவைத்து, கசப்பு இறங்கத் தண்ணீரை வடித்து, பத்துப் பேருக்காவது சேர்த்துக் காய்ச்ச வேண்டும். ஒருவருக்கு ஒரு கோப்பை என்று சமைக்கும் சாப்பாடு அல்ல அது. சில கடைகள் வார இறுதியில் மட்டும் வைக்கின்றன. சில, முதல் நாளே சொன்னால் செய்து தருகின்றன. எட்டுப் பத்துப் பேர் சேர்ந்து போவதென்றால் முதல் நாள் மாலை கடைக்காரருக்கு ஒரு அழைப்பு எடுத்து, எத்தனை பேர், எத்தனை மணிக்கு என்று சொல்லிவிடுங்கள். மீனை அவரே தெரிவு செய்யட்டும். காலையில் கரைக்குப் போகப் போவது அவர்தான்.